பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்ஜின் கட்டுதல்: பில்டரைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரை முழுமையான வழிகாட்டி

ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் தயாரான இரண்டு கார்களுக்கு ஒரே அளவு பணத்தைச் செலவிட்டு இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்துக் கட்டினாலும், ஒன்று பல ஆண்டுகள் தொல்லையின்றி ஓடுவதும் மற்றொன்று முதல் கோடையிலேயே ஆயில் குடிக்கத் தொடங்குவதும் உண்டு. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தைப் பலரும் பிஸ்டனின் பிராண்டிலும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டின் விலையிலும் தேடுகிறார்கள். என் பார்வையில் அது பெரும்பாலும் இரண்டு தாள்களில் இருக்கிறது: தமக்கு என்ன வேண்டும் என்பதை உரிமையாளர் எழுதிக் கொடுத்த தாள் ஒன்று, செய்த வேலையை அளந்து, இன்ஜினைக் கட்டித் தரும் பில்டர் எழுதிக் கொடுத்த தாள் மற்றொன்று. இன்ஜினை எப்படிக் கட்டுவது என்பதை இந்த வழிகாட்டி சொல்லவில்லை. கட்டித் தருபவருடன் எப்படி வேலை செய்வது, எந்த இடத்தில் என்ன கேட்பது, எதைப் பார்க்காமல் பணம் தரக்கூடாது என்பவற்றை வரிசையாகச் சொல்கிறது.

படி 1: பில்டரை அழைக்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

"எத்தனை குதிரைத்திறன் வரும்?" என்பதே பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி. விவரமறிந்த பில்டர் அதற்குப் பதில் சொல்லாமல், "வண்டியை எங்கே, எப்படி ஓட்டப்போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார். அதற்கான பதில் உங்கள் கையில் எழுத்தில் இருக்க வேண்டும். வார இறுதியில் நெடுஞ்சாலையில் ஓட்டுவதா, மலைப்பாதையா, ரேஸ் டிராக்கா; போக்குவரத்து நெரிசலில் நிற்க வேண்டியிருக்குமா; எந்த ஆக்டேன் பெட்ரோல் எளிதாகக் கிடைக்கும்; கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியல் விகிதமும் என்ன; பானெட்டைத் திறந்தால் தொழிற்சாலையிலிருந்து வந்தது போலவே தோன்ற வேண்டுமா; செலவின் உச்ச வரம்பு எவ்வளவு. இவற்றை ஒரு பக்கத்துக்குள் எழுதிவிட்டால் பின்னால் வரும் பாதிச் சண்டைகள் எழவே மாட்டா.

குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கி வருவது என்பதால், திறனைக் கூட்டுவதற்கு எளிய வழியாக அதிக ஆர்பிஎம் (நிமிடத்துக்கான சுழற்சிகள்) தோன்றும். எல்லா இன்ஜினும் அதற்கு இடம் தருவதில்லை. 1948இல் எக்ஸ்கே120 காருடன் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்கே இன்ஜினில் பிஸ்டன் ஓடும் நீளம், அதாவது ஸ்ட்ரோக், 106 மி.மீ. முதல் போர்ஷே 911இன் இரண்டு லிட்டர் இன்ஜினில் அது 66 மி.மீ. மட்டுமே. ஸ்ட்ரோக்கை இரண்டால் பெருக்கி, ஒரு விநாடிக்கான சுழற்சிகளால் மீண்டும் பெருக்கினால் பிஸ்டனின் சராசரி வேகம் கிடைக்கும். ஜாகுவார் 5,500 ஆர்பிஎம்மில் ஓடும்போதே அது விநாடிக்கு 19.4 மீட்டர், போர்ஷே 6,500இல் ஓடும்போதுகூட 14.3 மீட்டர்தான். இரண்டையும் 7,500க்கு இழுத்தால் போர்ஷேயில் 16.5 மீட்டராகும், ஜாகுவாரிலோ 26.5 மீட்டராகும், அது பிஸ்டனைச் சுழலும் தண்டான கிராங்க்குடன் இணைக்கும் பழைய கனெக்டிங் ராடுகளும் போல்ட்டுகளும் தாங்கும் வேகமன்று. "உயர்ந்த ஆர்பிஎம்முக்குக் கட்டித் தாருங்கள்" என்று ஒருவர் கேட்டதை இன்னொருவரும் அப்படியே கேட்பதில் உள்ள ஆபத்தை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடும்.

கேம் ஷாஃப்ட் விஷயத்திலும் இதே நிதானம் வேண்டும். வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைக்கும் கேம், மேல் ஆர்பிஎம்மில் மூச்சு விட வழி செய்யும். ஆனால் கீழ் ஆர்பிஎம்மில் முறுக்குவிசையைப் பறிக்கும், ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது ஓடும் ஐடிலிங்கைக் குலைக்கும், உறிஞ்சும் வேக்யூம் குறைவதால் அதை நம்பியுள்ள பிரேக் பூஸ்டரைக்கூடப் பாதிக்கும். சாலையில் ஓடும் கார் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை 2,000க்கும் 4,500க்கும் இடையில்தான் கழிக்கிறது. அந்த இடைவெளியில் நன்றாக இழுக்கும் இன்ஜின்தான் ஓட்டுவதற்கு இனிமையானது என்று பில்டர் சொன்னால், அவர் உங்களை ஏமாற்றவில்லை.

வரலாற்றுக் கார்களுக்கான சர்வதேசப் பந்தயங்களில் ஓடும் எண்ணம் இருந்தால் அதையும் இந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ வழங்கும் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட்டுக்கு, அந்தக் காலத்து விவரக்குறிப்புக்குள் இன்ஜின் அடங்க வேண்டும். கட்டி முடித்த பிறகு பெரிய பிஸ்டனையோ நவீன இக்னிஷனையோ திரும்பக் கழற்றுவது இருமடங்கு செலவு.

படி 2: மூல இன்ஜினை வெட்டுவதா, பாதுகாப்பதா

தொழிற்சாலையில் அந்தக் காரிலேயே பொருத்தப்பட்ட, மூல எண் கொண்ட இன்ஜின் காரின் மதிப்பில் கணிசமான பங்கு. எந்த இயந்திர வேலைக்கும் முன் இதைத் தீர்மானிக்க வேண்டும். அதிகத் திறனுக்காகச் சிலிண்டரைப் பெரிதாக்குவது, சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கில் புதிய துளையிடுவது போன்ற திரும்ப முடியாத வேலைகள் திட்டத்தில் இருந்தால், அதே வகையைச் சேர்ந்த வேறொரு பிளாக்கை வாங்கி அதில் செய்துவிட்டு, மூல இன்ஜினை ஆயில் பூசி, துளைகளை அடைத்து, காருடன் வைத்திருப்பதே நல்லது. மூல இன்ஜினையே கட்டுவதாக இருந்தால் எண் பொறித்த இடம் எது என்பதைப் படம் எடுத்து, "இந்தப் பரப்பைத் தொடக்கூடாது" என்று எழுதிக் கொடுங்கள். கார்வெட்டில் வரும் செவ்ரோலே வி8 இன்ஜின்களில் அந்த எண், சிலிண்டர்களை மேலே மூடும் சிலிண்டர் ஹெட் வந்து அமரும் மேல்பரப்பின் நீட்சியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிளாக்கின் மேல்பரப்பைச் சமன் செய்யும் வழக்கமான வேலையில் கவனமில்லாத மெஷினிஸ்ட் ஒருவர் ஒரே ஓட்டத்தில் எண்ணையும் தொழிற்சாலையின் வெட்டுத் தடங்களையும் அழித்துவிட முடியும்.

படி 3: உங்கள் இன்ஜினை அறிந்தவரைத் தேடுங்கள்

"எல்லா இன்ஜினும் கட்டுவோம்" என்பவரைவிட, உங்கள் வகை இன்ஜினைத் தொடர்ந்து கட்டிவருபவரே மேல். பழைய இன்ஜின் ஒவ்வொன்றுக்கும் பிறவிக் குறை ஒன்றாவது உண்டு, அதை அறிந்தவர் தாமாகவே அந்தப் பேச்சை எடுப்பார் என்பதே காரணம். 1974 முதல் 1977 வரை வந்த 2.7 லிட்டர் போர்ஷே 911இன் கிராங்க்கைச் சுற்றியுள்ள உறையான கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவையால் ஆனது. சூட்டில் அது விரியும்போது ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்கள் மரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும், ஆகவே எல்லா ஸ்டட் துளைகளுக்கும் எஃகு மரை உறை போடுவது வழக்கமான வேலை. 4.2 லிட்டர் ஜாகுவார் பிளாக்கில் சிலிண்டர்களுக்கு இடையே விரிசல் தேட வேண்டும். ஆல்ஃபா ரோமியோவின் அலுமினிய நான்கு சிலிண்டர் இன்ஜினில், தனியாகக் கழன்று வரும் சிலிண்டர் உறைகளான லைனர்கள் பிளாக்கின் மேல்பரப்பைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கின்றன என்பதில்தான் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டின் ஆயுள் இருக்கிறது. டிரையம்ஃப் டிஆர்6இல் கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்து கீழே விழுந்துவிடும். லோட்டஸ் ட்வின் கேமில் வாட்டர் பம்ப் முன்பக்க டைமிங் உறையோடு சேர்ந்தே இருப்பதால், பம்ப் ஒழுகினால் இன்ஜினின் முன்பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்கும். டாட்சன் 240இசட்டின் எல்24இல் ஹெட்டைச் சீவினால், கேம் தாங்கிகளுக்கு அடியில் அதே அளவு ஷிம் (மெல்லிய தகடு) வைக்காவிட்டால் கேமைச் சுழற்றும் டைமிங் செயின் தொய்ந்துபோகும்.

முதல் பேச்சில், "இந்த இன்ஜினில் நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் கோளாறு என்ன, அதற்கு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். வரும் பதில் எந்த விளம்பரத்தையும்விட அதிகம் சொல்லும்.

பட்டறையை நேரில் பாருங்கள். பளபளக்கும் தரையும் சுவரில் மாட்டிய கோப்பைகளும் இரண்டாம்பட்சம். கிரைண்டிங் நடக்கும் இடமும் இன்ஜினைக் கூட்டும் இடமும் தனித்தனியாகச் சுவரால் பிரிந்திருக்கின்றனவா, பாதியில் நிற்கும் இன்ஜின்கள் மூடப்பட்டு அடையாளச் சீட்டுடன் இருக்கின்றனவா, மைக்ரோமீட்டரும் சிலிண்டர் விட்டத்தை அளக்கும் போர் கேஜும் தூசி படியாமல் பெட்டிக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். போரிங் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குதல்), கிராங்க் கிரைண்டிங், பேலன்சிங் (சுழலும் பாகங்களின் எடையைச் சமன் செய்தல்) ஆகியவற்றில் எவை வெளியே போகின்றன என்பதையும் கேட்டறியுங்கள். வெளியே அனுப்புவது குற்றமல்ல. திரும்பி வந்ததைத் தாம் மீண்டும் அளக்காமல் பொருத்துவதுதான் குற்றம். பழைய வாடிக்கையாளர்களிடம் பேசும்போது, போன மாதம் இன்ஜினை வாங்கிச் சென்று மகிழ்ச்சியில் இருப்பவரை விட்டுவிட்டு, மூன்று நான்கு ஆண்டுகள் ஓட்டியவரைக் கேளுங்கள்.

படி 4: ஒப்பந்தம்

நட்பாகப் பழகும் பில்டரிடம் எழுத்து கேட்பது சங்கடமாக இருக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் பிணக்குகள் பெரும்பாலும் மோசடியால் வருவதில்லை. "நான் சொன்னேனே", "நீங்கள் சொல்லவில்லையே" என்பதால்தான் வருகின்றன. பிரிக்காத இன்ஜினுக்கு நிலையான விலை சொல்ல யாராலும் முடியாது என்பதை உரிமையாளர் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதனால் வேலையை இரண்டு ஒப்பந்தமாகப் பிரிப்பதையே நான் பரிந்துரைப்பேன். முதலாவது, பிரித்து, கழுவி, அளந்து, அறிக்கை தருவதற்கு மட்டும். அதற்குத் தனிக் கட்டணம், அறிக்கை உங்களுக்குச் சொந்தம். இரண்டாவது, அந்த அறிக்கையின் அடிப்படையில் கட்டுவதற்கு. முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு இன்ஜினைத் திரும்ப எடுத்துச்செல்லும் உரிமை உங்களுக்கு இருக்க வேண்டும். அப்படி எடுத்தால் எந்த நிலையில், எப்படிப் பொதிந்து தருவார்கள் என்பதும் எழுதப்பட வேண்டும்.

இரண்டாம் ஒப்பந்தத்தில் தவறாமல் இடம்பெற வேண்டியவை சில. செய்யப்போகும் வேலைகளும் வாங்கப்போகும் பாகங்களும் பெயரோடும் பாக எண்ணோடும் இருக்கட்டும். "உயர்தரப் பிஸ்டன்" என்பது விவரம் ஆகாது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவு கூடினால் உங்கள் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல் வேலை நகரக்கூடாது. முன்பணம் தருவது வழக்கம்தான், ஏனெனில் சொந்த அளவுக்குச் செய்யச் சொல்லும் பிஸ்டனும் கேமும் ஆர்டரின்போதே பணம் கேட்கும். எனினும் மீதிப் பணம் கட்டங்களாக, முடிந்த வேலைக்கு ஏற்பப் போக வேண்டும், கடைசித் தவணை, இன்ஜினின் திறனை அளக்கும் டைனோவின் அறிக்கையும் கூட்டும்போது அளந்த எண்கள் கொண்ட அளவுத் தாளும் கையில் வந்த பிறகே. பணம் கொடுத்து வாங்கிய பாகங்கள் உங்களுடையவை என்ற வரி அவசியம்: பட்டறை மூடப்பட்டாலோ கடனில் சிக்கினாலோ அந்த ஒரு வரிதான் உங்கள் பிஸ்டன்களைக் காப்பாற்றும். தீ, திருட்டு ஆகியவற்றுக்குப் பட்டறையின் காப்பீடு வாடிக்கையாளரின் பொருளையும் உள்ளடக்குகிறதா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்கள் அனைத்தும், உடைந்தவையும்கூட, உங்களுக்கே திரும்ப வேண்டும்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, எத்தனை மாதம் என்பதைவிட எது அதைச் செல்லாததாக்கும் என்பதே முக்கியம். இன்ஜினைக் காரில் பொருத்துபவர் வேறொருவர் என்றால், கார்புரேட்டர் சரிசெய்தலுக்கும் கூலிங்குக்கும் யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே எழுதாவிட்டால், பிஸ்டன் உருகிய அன்று இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள்.

கால அளவு சொல்லும்போது பில்டர்கள் நம்பிக்கைவாதிகள். தேதியைவிட, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் படத்துடன் தகவல் வர வேண்டும் என்று கேட்பது பயனுள்ளது. தினமும் போன் செய்வது எதையும் விரைவுபடுத்தாது.

படி 5: ஒப்படைத்தல்

இன்ஜினை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஃபிளைவீல், கிளட்ச் கவர், முன்பக்க புல்லி ஆகியவை கிராங்க்குடன் சேர்ந்து பேலன்ஸ் செய்யப்பட வேண்டியவை. கார்புரேட்டர்களும் டிஸ்ட்ரிபியூட்டரும் டைனோவில் தேவைப்படும். ஒவ்வொன்றையும் படமெடுத்து, பட்டியலிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள்.

பழைய இன்ஜின் ஏன் நின்றது என்ற கதையையும் முழுமையாகச் சொல்லுங்கள்: எந்தச் சத்தம், சூடாகும்போதா குளிர்ந்திருக்கும்போதா, ஆயில் அழுத்தம் எப்படிக் குறைந்தது, எவ்வளவு ஆயில் குடித்தது. கிராங்க்கைத் தாங்கும் பேரிங் உருகி நின்ற இன்ஜின் என்றால் அதன் உலோகத் துகள்கள் ஆயில் கூலரிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். 911 போன்ற, ஆயிலை இன்ஜினுக்கு வெளியே தேக்கும் டிரை சம்ப் கார்களில் தனி ஆயில் டேங்க், நீண்ட குழாய்கள், கூலர் என்று துகள் ஒளிந்துகொள்ள இடம் ஏராளம். இன்ஜினைக் கழற்றியபின் இவை காரிலேயே தங்கிவிடுவதால் பில்டரின் கண்ணில் படுவதே இல்லை. அவற்றைத் தனியாகச் சுத்தம் செய்யாமல், கூலரை மாற்றாமல் புதிய இன்ஜினைப் பொருத்தினால், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

படி 6: பிரித்தபின் வரும் அறிக்கை

முழு வேலையிலும் உரிமையாளர் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நாள் இதுதான். முடிந்தால் பட்டறைக்கு நேரில் போங்கள். மேசைமேல் வரிசையாக வைத்த பழைய பேரிங் ஷெல்கள் இன்ஜினின் சரித்திரத்தைச் சொல்லும்: எல்லாம் சமமாகத் தேய்ந்திருந்தால் வயது, ஒன்று மட்டும் ஒரு ஓரத்தில் தேய்ந்து மறு ஓரம் புதிதாக இருந்தால் ராடு வளைந்திருக்கலாம், மேற்பரப்பில் நுண்ணிய கோடுகள் சுற்றிலும் ஓடினால் அழுக்கு ஆயில்.

நல்ல அறிக்கையில் சொற்கள் குறைவாகவும் எண்கள் அதிகமாகவும் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே, நடுவே, கீழே என மூன்று உயரங்களில், ஒவ்வோர் உயரத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்த ஆறு அளவுகள் வேண்டும். அவற்றைக் கொண்டே சிலிண்டர் எவ்வளவு கூம்பியிருக்கிறது, எவ்வளவு நீள்வட்டமாகியிருக்கிறது என்பது தெரியும். "போர் தேய்ந்துள்ளது, ரீபோர் தேவை" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். கிராங்க்கில் பேரிங் அமரும் இடமான ஒவ்வொரு ஜர்னலின் அளவும், வளைவு எவ்வளவு என்பதும், இதற்குமுன் எத்தனை முறை தேய்த்துச் சிறிதாக்கி அண்டர்சைஸ் ஆக்கப்பட்டது என்பதும் வேண்டும். விரிசல் சோதனை எந்த முறையில் செய்யப்பட்டது என்பதும் வேண்டும்: இரும்புக்கும் எஃகுக்கும் காந்தத் துகள் முறை பொருந்தும், அலுமினியத்திலும் மெக்னீசியத்திலும் காந்தம் வேலை செய்யாது, அவற்றுக்கு, விரிசலுக்குள் சாயம் புகுந்து அதைக் காட்டும் சாய ஊடுருவல் முறை. தண்ணீர் ஓடும் ஹெட்டையும் பிளாக்கையும் அழுத்தச் சோதனைக்கும் உட்படுத்த வேண்டும்.

ஒரு சிறு விஷயத்தைத் தனியாகக் கேளுங்கள்: கிராங்க்குக்குள் உள்ள ஆயில் வழிகளை மூடியிருக்கும் அடைப்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்தார்களா? ஜாகுவார் எக்ஸ்கே கிராங்க்கில் இந்த அடைப்புகளுக்குப் பின்னால் பல்லாண்டுக் கசடு கல்லாக இறுகிக் கிடக்கும். வெளியே கண்ணாடி போல் கிரைண்ட் செய்த கிராங்க், உள்ளே அந்தக் கசட்டைச் சுமந்துகொண்டே திரும்பி வருவதும் நடக்கும் விஷயமே.

படி 7: விவரக்குறிப்பை இறுதி செய்தல்

கம்ப்ரஷன் விகிதத்திலிருந்து, அதாவது சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் பெட்ரோலும் கேமும் பிஸ்டனும் சந்திக்கும் இடம் அது. பில்டர் சொல்லும் எண்ணை நீங்களே சரிபார்க்கலாம். 1,798 சிசி நான்கு சிலிண்டர் எம்ஜிபி இன்ஜினை எடுத்துக்கொண்டால், ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 449.5 சிசி. விகிதம் 9 ஆக இருக்க, அதை 8ஆல் (விகிதத்தில் ஒன்று குறைத்து) வகுத்தால், பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மேலே மிஞ்சும் இடம் 56.2 சிசி. அதை 9.5 ஆக்க வேண்டுமானால் மிஞ்சும் இடம் 52.9 சிசி ஆக வேண்டும். வித்தியாசம் 3.3 சிசிதான். 80.26 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில், பிளாக்கின் மேல்பரப்பைச் சீவியே அதை எட்டுவதென்றால் சுமார் 0.65 மி.மீ. எடுக்க வேண்டும். கேஸ்கெட்டின் தடிமன் சற்று மாறினாலே விகிதம் எவ்வளவு நகரும் என்பதை இதிலிருந்து உணரலாம். ஆகவே விகிதம் கணக்கிட்டதா, அளந்ததா என்று கேளுங்கள். ஒவ்வொரு அறையிலும் பியூரெட்டால் திரவம் ஊற்றி அளந்த சிசி எண்கள் அளவுத் தாளில் இருக்க வேண்டும், அவை தமக்குள் ஒத்துப்போகவும் வேண்டும்.

ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டன் என்று சொன்னவுடன் மகிழ்ந்துவிடாமல் எந்தக் கலவை என்று கேளுங்கள். 4032 என்ற அலுமினியக் கலவையில் சுமார் 12 சதவீதம் சிலிக்கன் இருப்பதால் சூட்டில் குறைவாக விரியும். சிலிண்டரில் நெருக்கமாகப் பொருத்தலாம், குளிர்ந்த இன்ஜினிலும் சத்தம் குறைவு. 2618 கலவையில் சிலிக்கன் மிகச் சொற்பம். அடி தாங்கும், ஆனால் அதிக இடைவெளி கேட்கும், சூடாகும்வரை தடதடக்கும். டர்போவும் பந்தயமும் இல்லாத சாலைக் காருக்கு 4032 போதும் என்பதே என் கருத்து.

ஈயம் கலந்த பெட்ரோல் சாலை வாகனங்களுக்கு விற்பது 2021இல் உலகம் முழுவதும் முடிவுக்கு வந்துவிட்டது. வார்ப்பிரும்பு ஹெட்டிலேயே வால்வு அமரும் சீட்டை வெட்டிய பழைய இன்ஜின்களில், ஈயமின்றி நீண்ட நேரம் வேகமாக ஓடினால் எக்சாஸ்ட் சீட் உள்வாங்கும்; அவற்றில் கடினமான சீட் வளையங்களைப் பதிக்க வேண்டும். அலுமினிய ஹெட்டில் பிறப்பிலேயே வளையங்கள் உண்டு என்பதால், அவை நல்ல நிலையில் இருந்தால் மாற்றச் சொல்லி வற்புறுத்த வேண்டியதில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கும் இடமானால் ஃப்யூல் குழாய்கள், ஃபுளோட், டயாஃப்ரம் ஆகியவற்றை அதற்கேற்ற பொருளில் மாற்றச் சொல்லுங்கள்.

படி 8: கூட்டும்போது கேட்க வேண்டிய சான்றுகள்

பில்டரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்ப்பது அவருக்கும் தொல்லை, இன்ஜினுக்கும் நல்லதல்ல. அளவுத் தாளைக் கேட்டால் போதும். அதில் மெயின் பேரிங், ராடு பேரிங் ஒவ்வொன்றின் இடைவெளியும் இருக்க வேண்டும். ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய இன்ஜின்களுக்குத் தோராயமான தொடக்க அளவு, அதாவது 50 மி.மீ. ஜர்னலுக்கு 0.05 மி.மீ. பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளிக்குச் சாலை இன்ஜினில் சிலிண்டர் விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.004 மி.மீ. என்பது நடைமுறை, 83 மி.மீ. சிலிண்டரில் சுமார் 0.33 மி.மீ. வரும். பிஸ்டன் தயாரிப்பாளரின் குறிப்பு வேறாக இருந்தால் அதுவே செல்லும். பெட்டியிலிருந்து எடுத்த ரிங்கை அளக்காமல் மாட்டுவதும், ஒவ்வொரு ரிங்கையும் அதன் சிலிண்டருக்குள் பிஸ்டனால் நேராகத் தள்ளி ஃபீலர் கேஜால் பார்த்து, தேவையானால் முனையை அரத்தால் தேய்த்து, மறுபடி பார்ப்பதும் ஒரே தொழில் அல்ல. இரண்டாவதற்கு நேரம் பிடிக்கும். நீங்கள் கொடுக்கும் கூலியில் பெரும்பகுதி அதற்குத்தான்.

சிலிண்டர் சுவரைத் தேய்த்து நேர்த்தி செய்யும் ஹோனிங்கின்போது, ஹெட் இருக்கும் இடத்தில் கனமான டார்க் பிளேட் ஒன்றை உரிய முறுக்கத்தில் இறுக்கிவிட்டுச் செய்தார்களா என்று கேளுங்கள். போல்ட்டுகள் இறுகும்போது சிலிண்டர் மிகச் சிறிதளவு கோணும். கோணிய நிலையில் வட்டமாக்கினால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். கேமை வேறு வகைக்கு மாற்றினால் டிகிரி வட்டும் டயல் கேஜும் வைத்து டைமிங் பார்க்கப்பட வேண்டும், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள நெருக்கம் அளக்கப்பட வேண்டும். இன்லெட்டில் 2 மி.மீ., எக்சாஸ்ட்டில் 2.5 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்ல வழக்கம்.

பேலன்சிங்கில் பிஸ்டன்களும் ராடுகளும் தமக்குள் எடை ஒத்திருக்க வேண்டும். வி8 கிராங்க்கைப் பேலன்ஸ் செய்ய, பிஸ்டன், ராடுகளின் எடைக்கேற்பக் கணக்கிட்ட எடைகளை ஜர்னலில் கட்ட வேண்டும். நேர்வரிசை ஆறு சிலிண்டருக்கு அது தேவையில்லை.

படி 9: டைனோ தாளைப் படித்தல்

டைனோ என்பது திறனைக் காட்டும் மேடை மட்டுமல்ல. கசிவு, ஆயில் அழுத்தம், கார்புரேட்டர் கலவை, இக்னிஷன் எல்லாம் காருக்குள் போகும் முன்பே சரிபார்க்கப்படும் இடம். ஆகவே முடிந்தால் இன்ஜின் டைனோவில் ஓட்டித் தரச் சொல்லுங்கள்.

தாளில் முதலில் பார்க்க வேண்டியது உச்ச எண்ணை அல்ல, அன்றைய காற்றின் நிலைக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்யும் எந்தத் திருத்தக் காரணி பயன்படுத்தப்பட்டது என்பதை. பழைய ஸ்டாண்டர்ட் திருத்தம், எஸ்ஏஇ ஜே1349 திருத்தத்தைவிடச் சுமார் 4 சதவீதம் அதிகம் காட்டும். இன்னொரு சோதனை எளிது: குதிரைத்திறனும் பவுண்டு-அடி முறுக்குவிசையும் ஒரே அளவுகோலில் வரையப்பட்டால், இரு கோடுகளும் 5,252 ஆர்பிஎம்மில் வெட்டிக்கொண்டே ஆக வேண்டும், வேறிடத்தில் வெட்டினால் தாளில் ஏதோ தவறு. தொழிற்சாலை எண்ணோடு ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1972 வாக்கில்தான் மொத்தத் திறனை விட்டு நிகரத் திறனைச் சொல்லத் தொடங்கினார்கள். அதற்கு முந்தைய எண்கள் ஏர் ஃபில்டரும் முழு எக்சாஸ்ட்டும் இல்லாத இன்ஜினுக்கு உரியவை. எதிர்பார்த்ததைவிட உச்சம் சற்றுக் குறைந்து, 2,500இலிருந்தே கோடு தட்டையாக இழுத்தால் நான் அந்த இன்ஜினை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொள்வேன்.

படி 10: முதல் ஓட்டம்

டைனோவில் ஓடிய இன்ஜினாக இருந்தால் கடினமான பகுதி முடிந்துவிட்டது. இல்லாவிட்டால், முதல் அரை மணி நேரத்தை எப்படி நடத்துவது என்று பில்டரிடம் எழுதி வாங்குங்கள். எம்ஜிபி, டிரையம்ஃப், பழைய செவ்ரோலே போன்று பிளாக்குக்குள் கேமும் அதன்மேல் உரசி வால்வைத் தள்ளும் தட்டையான டேப்பட்டும் உள்ள இன்ஜின்களில், இயங்கத் தொடங்கியவுடனேயே 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்கு உயர்த்தி 20 முதல் 30 நிமிடம் வேகத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். ஐடிலிங்கில் விட்டால் கேமுக்குப் போதிய ஆயில் தெறிக்காது, முனைகள் தேய்ந்துவிடும். ஆகவே சாவி திருப்பும் முன்பே ஆயில் அழுத்தம் ஏற்றப்பட்டிருக்க வேண்டும், பெட்ரோல் கார்புரேட்டர் வரை வந்திருக்க வேண்டும், இக்னிஷன் டைமிங் சரியாக இருக்க வேண்டும். ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்றித் தேடும் வேலைக்கு அது நேரமல்ல.

ஆயில் தேர்வும் இதோடு சேர்ந்தது. 2004இல் வந்த, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்எம் ஆயில் தரம், 10டபிள்யூ-30 வரையிலான மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸை 800 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 800 பங்கு) கட்டுப்படுத்தியது. தட்டை டேப்பட்டைக் காக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மமும் அதோடு குறைந்தது. பில்டர் குறிப்பிடும் ஆயிலையே, அவர் குறிப்பிடும் தடிமனிலேயே ஊற்றுங்கள், ஏனெனில் பேரிங் இடைவெளியை அவர் அதற்கேற்பத்தான் வைத்திருப்பார். ரிங்குகள் படியும்வரை சிந்தெடிக் வேண்டாம் என்பார்கள், கேளுங்கள்.

சாலையில் முதல் சில நூறு கிலோமீட்டர்களுக்கு வண்டியைத் தாலாட்டவும் வேண்டாம், வாட்டவும் வேண்டாம். மிதமான ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏற்றி, பின் விட்டு இன்ஜின் பிரேக்கில் இறங்க விடுவதை மாறி மாறிச் செய்தால் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு படியும். ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டுவது இந்தக் கட்டத்தில் பயனற்றது.

முதல் ஆயில் மாற்றத்தைச் சீக்கிரமே செய்து, ஃபில்டரைக் குறுக்கே வெட்டி, மடிப்புக் காகிதத்தை விரித்து வெயிலில் பாருங்கள். மிக நுண்ணிய சாம்பல் நிறப் பூச்சு இயல்பு. காந்தத்தில் ஒட்டும் ஊசி போன்ற துகள்களோ, செம்பு நிறத் தகடுகளோ தெரிந்தால் இன்ஜினை மறுபடி இயக்காமல் படமெடுத்துப் பில்டருக்கு அனுப்புங்கள். எல்லாம் சரியாக இருந்தால், ஆயிரம் கிலோமீட்டரில் வால்வு இடைவெளியைப் பார்த்து, பில்டர் சொல்லியிருந்தால் ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, கம்ப்ரஷன், லீக் டவுன் (சிலிண்டரிலிருந்து கசியும் காற்றின் அளவு) எண்களைச் சிலிண்டர் வாரியாக எடுத்து அளவுத் தாளின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி, ஒரு பிரதியைப் பட்டறைக்கும் அனுப்பிவிடுங்கள்.